தங்கமான சென்சார், தகராறு பிடித்த கடிகாரம்

பழுதுபார்க்கப் போன டிஜிட்டைசர் (நில அதிர்வு சென்சாரின் சிக்னலை நேரம் குறித்து எண்களாக்கும் பெட்டி) ஒருவழியாகத் திரும்பி வந்துவிட்டது. புதிதாக நிலநடுக்கப் பதிவு நிலையம் அமைக்கப்போகும் நண்பர் ஒருவர், "இப்போது விலையைக் குறைத்திருக்கிறார்களே, இந்த செட்டையே வாங்கலாமா?" என்று கேட்டார். போனில் கோபமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

120 செகண்ட் வரையிலான மெதுவான அலைவையும் பிடிக்கும் பிராட்பேண்ட் சென்சார், 24 பிட் டிஜிட்டைசர், நொடிக்கு 100 அளவீடு. இதெல்லாம் தெரிந்ததுதான். சென்சார் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. காற்றில்லாத இரவுகளில் இதன் இரைச்சல் வரைபடம், உலகின் அமைதியான நிலையங்களை வைத்து 1993இல் நிலநடுக்க ஆய்வாளர் பீட்டர்சன் வகுத்த கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே படுத்துக்கிடக்கிறது. கடல் எங்கோ இருக்கிறது. ஆனாலும் அலைகள் எழுப்பும் நுண்ணதிர்வு 5 முதல் 8 நொடி அலைவு நேரத்தில் மேடாகத் தெரியும். புயல் வந்தால் அந்த மேடு உயரும். பூமியின் எதிர்ப்பக்கத்தில் பெரிய நடுக்கம் வந்தால், உள்கருவைக் கடந்து சுமார் 20 நிமிடத்தில் முதல் அலை வந்து சேரும். அந்தச் சின்னத் துடிப்பைத் திரையில் பார்த்தால் கொடுத்த காசு மறந்துபோகும்.

சரி, கடிகாரத்துக்கு வருவோம்.

ஜிபிஎஸ் லாக் (செயற்கைக்கோள் நேரத்தோடு உள்ள பிடிப்பு) இருக்கும்வரை நேரம் சுத்தம். லாக் போனால் உள்ளே இருக்கும் கடிகாரப் படிகம் தன் போக்கில் ஓடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே ஒரு நாளில் 86 மில்லிசெகண்ட் தள்ளிவிடும். பி அலை (நடுக்கத்திலிருந்து முதலில் வந்து சேரும் அலை) பூமியின் மேலோட்டில் நொடிக்கு 6 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், தூரக் கணக்கில் அரைக் கிலோமீட்டர் பிழை. தனி நிலையமென்றால் யார் கண்ணிலும் படாது. வலையமைப்பில் சேர்ந்ததும், நடுக்க மையத்தையே இடம் நகர்த்திவிடும். ஆழம் இன்னும் மோசம்.

லாக் போவது சகஜம். ஆன்டெனாவுக்கு மேல் மரக்கிளை வளர்ந்தாலே போதும். என்னைக் கடுப்பேற்றுவது முன்பக்கத்துப் பச்சை விளக்கு. ஆன்டெனாவுக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டும்தான் அது காட்டும். லாக் போய் நாள் கணக்கானாலும் சமத்தாக எரியும். நிஜ நிலவரம் மினிசீட் (நிலநடுக்கப் பதிவுகளுக்கான கோப்பு வடிவம்) தரவில் நேரத் தரம் என்ற எண்ணாக 100இலிருந்து சரிந்துகொண்டிருக்கும். நிலையத்துக்குப் போகிறவர் பெட்டியைத் திறந்து, பச்சையைப் பார்த்துவிட்டு, மூடிவிட்டு வந்துவிடுவார்.

காரணத்தைத் தேடி ஆன்டெனா கனெக்டரைக் கழற்றினேன். நடு ஊசியைச் சுற்றிக் களிம்பு, அதுவும் பச்சைதான். கேபிள் மேலிருந்து நேராக இறங்குவதால் மழைநீர் அதன் வழியே வழிந்து உள்ளே போயிருக்கிறது. கனெக்டருக்கு முன்னால் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டினால் நீர் அங்கேயே சொட்டிவிடும். கையேட்டுப் படத்தில் அந்த வளைவே இல்லை. அப்புறம், கேபிளுக்கு உத்தரவாதம் கிடையாதாம். ஒரு போர்டை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். விளக்கு அப்படியேதான் இருக்கிறது.

இப்போது நேரத் தரம் 90க்குக் கீழே போனால் மைய சர்வரிலிருந்து போனுக்குச் செய்தி வரும்படி செய்திருக்கிறோம். இது பெட்டியோடே வந்திருக்க வேண்டிய வசதி.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: மின்சாரத்தை மிகச் சிக்கனமாகத்தான் குடிக்கிறது. மோடம் செத்துப் பிழைத்தாலும் விட்ட இடத்திலிருந்து சீட்லிங்க் (பதிவுகளை உடனுக்குடன் அனுப்பும் முறை) வழியாகத் தரவைத் தானே அனுப்பி நிரப்பிவிடும். இந்த விஷயத்தில் ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், இன்றைக்குக் கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அடுத்த பெரிய நடுக்கம் அழகாகப் பதிவானதும் கேட்டால் வேறு பதில் வரலாம். விலை குறைந்திருக்கிறது என்கிறார் நண்பர். ஆன்டெனா கேபிளின் விலையும் குறைந்திருக்கிறதா என்று முதலில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.