வீட்டுக்கே வந்து நாய் குளிப்பாட்டும் பேக்கேஜ்: 6,500 ரூபாய் போச்சு, நாய்க்குத் தோல் காயம்தான் மிச்சம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பொமரேனியன் வைத்திருப்பவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள்.

செல்போனில் புக் செய்தால் ஆள் வந்து நாயைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, காது துடைத்துவிட்டுப் போகும் சேவைகள் சென்னையில் இப்போது நிறைய. அதில் ஒன்றுதான் இது. ஆறு முறை வருவார்களாம், 6,500 ரூபாயாம், முழுப் பணமும் முதலிலேயே கட்ட வேண்டுமாம். எங்கள் பொமரேனியன் பெயர் லட்டு. நாய் குளிப்பாட்டும் கடைக்குக் கூட்டிப் போனால் வாசலிலேயே நடுங்குவாள் என்பதால் கட்டினோம்.

வந்த பையன் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். தரையில் உட்கார்ந்து புறங்கையை நீட்டி, அவளாக வந்து மோந்து பார்க்கும்வரை பொறுமையாக இருந்தான். புது ஆளைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓடுகிறவள், அவன் மடியில் போய்த் தலையை வைத்தாள். “பையன் பக்குவமா பண்றான்டி” என்று அம்மாவே சொன்னார். “அக்கா, நீங்க பக்கத்துல நின்னா அடம் பிடிக்கும், உள்ள இருங்க” என்று பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

திறந்தபோது லட்டு மொட்டை! நான் கேட்டது குளியலும் சிக்கெடுப்பதும்தான். “வெயிலுக்கு நல்லதுக்கா, சம்மர் கட்” என்கிறான். பொமரேனியனுக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீள முடி, அடியில் மெத்தென்ற குட்டை முடி. வெயில் தோலில் நேரே படாமல் காப்பதே அதுதான். ஒட்ட மழித்தால் சில நாய்களுக்கு மாதக்கணக்கில் முளைக்காது, முளைத்தாலும் பழையபடி இருக்காது. இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இது தெரியாதா?

அன்று ராத்திரி விடாமல் தொடையை நக்கிக்கொண்டே இருந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தால் தொடை இடுக்கில் பட்டை பட்டையாகச் சிவந்து, ஓரிடத்தில் நீர் கசிகிறது. பின்னங்கால் நகம் ஒன்றின் நுனியில் ரத்தம் உறைந்து கிடக்கிறது. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பார்த்ததுமே சொல்லிவிட்டார், முடி மழிக்கும் மெஷின் இருக்கிறதே, கிளிப்பர், அதன் சூடான பிளேடு பட்ட காயம் என்று. தொடர்ந்து ஓடினால் பிளேடு சூடேறும், நடுநடுவே நிறுத்தித் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். நகத்தையும் உள்ளே ரத்த நாளம் வரைக்கும் வெட்டியிருக்கிறான். கறுப்பு நகத்தில் அது வெளியே தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெட்ட வேண்டும்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. போன் செய்தால், “டீமுக்கு அனுப்பிட்டோம் மேடம்.” போட்டோ அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டால் வேறொரு பெண், “உங்க நாய்க்கு ஏற்கெனவே தோல் பிரச்சினை இருந்திருக்கும்” என்கிறார். பார்க்காமலே! மீதி ஐந்து முறைக்கான பணத்தையாவது கொடுங்கள் என்றால், பேக்கேஜ் பணம் திரும்ப வராதாம், அடுத்த முறைக்கு 300 ரூபாய் கூப்பன் தருவார்களாம். 6,500 ரூபாயை வாங்கிக்கொண்டு 300 ரூபாய் கூப்பன்! அந்த ஆளை மறுபடி என் வீட்டு வாசற்படி ஏற விடுவேனா? கடைசியில் புகாரை அவர்களே ‘தீர்ந்தது’ என்று மூடிவிட்டார்கள்.

விவரமாக எழுதப் பொறுமை இல்லை. பேக்கேஜ் வாங்காதீர்கள், அன்றன்றைய வேலைக்கு அன்றன்று பணம் கொடுங்கள். கதவைச் சாத்தவே விடாதீர்கள். கிளிப்பர் கூடாது என்றால் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். வேலை முடிந்ததும் வயிறு, தொடை இடுக்கு, நகம் எல்லாம் அந்த ஆள் இருக்கும்போதே பாருங்கள். நம் ஷாம்பூ நாய்த் தோலுக்கு ஆகாது, அவர்கள் போடும் பாட்டிலையும் வாங்கிப் பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துவிட்டேன். டாக்டர் சீட்டு, போட்டோ எல்லாம் கைவசம் இருக்கிறது, நுகர்வோர் ஆணையம் வரை போவேன். அந்த கம்பெனி ஆட்கள் யாராவது இதைப் படித்தால், எனக்கு உங்கள் கூப்பன் வேண்டாம். 6,500 ரூபாயைத் திருப்பிப் போடுங்கள்.