எதிர்வண்டியின் இன்சூரன்ஸ் கைவிரித்தால்: தென்னாப்பிரிக்காவில் எந்த வழியில் எவ்வளவு தேறும்?

"எங்கள் வாடிக்கையாளர் மீது தவறில்லை, உங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை." டர்பனில் கார் ஓட்டும் நம்மவர் பலருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். ரோபோவில் (இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பேர்) சிவப்புக்கு நின்ற வண்டியைப் பின்னால் வந்தவர் இடித்தது தெருவுக்கே தெரியும், அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் தெரியாது. "அண்ணே, முடியாதுன்னு எழுதிட்டான். அவ்வளவுதானா?" என்று கோயில் வாசலில் கேட்பார்கள். அவ்வளவுதான் இல்லை. உங்கள் சொந்த இன்சூரன்ஸ், சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், வக்கீல் வைத்து மாஜிஸ்திரேட் கோர்ட் என்று வழிகள் இருக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு குழப்பம் இருக்கும். இந்தியாவில் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். விபத்து வழக்கில் கம்பெனியையும் சேர்த்தே இழுக்கலாம். இங்கே அந்தக் கட்டாயமே கிடையாது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடும் வண்டிகள்தான் சாலையில் அதிகம். இன்சூரன்ஸ் இருந்தாலும் அந்த ஒப்பந்தம் இடித்தவருக்கும் அவருடைய கம்பெனிக்கும் நடுவில்தான். உங்களுக்குக் கடன்பட்டவர் இடித்தவர். பாலிசிக்காரர் திவாலான நிலைமைக்கு 1936 திவால் சட்டத்தின் 156-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. மற்றபடி கம்பெனி மேல் நேரடியாக வழக்குப் போட வழியில்லை.

இது கெட்ட செய்தி மாதிரித் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பெனி எழுதும் "முடியாது" தீர்ப்பும் இல்லை, உங்களைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. இடித்தவர் மேல் வழக்குப் போட அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சம்மன் கைக்கு வந்ததும் அவர் அதைத் தூக்கிக்கொண்டு முதலில் போகிற இடம் அவருடைய இன்சூரன்ஸ் ஆபீஸ்தான். இரண்டு வரியில் மறுத்தவர்கள் அப்போது கோப்பை மறுபடி திறப்பது சகஜம்.

அதற்கு முன், ஏன் மறுத்தார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காரணத்தைப் பொறுத்துப் பதில் மாறும். "எங்கள் வாடிக்கையாளர் விபத்தைப் பற்றித் தகவலே தரவில்லை" என்பது மிகவும் சாதாரணமான மறுப்பு. எக்ஸஸ் (கிளெய்மில் பாலிசிக்காரர் தன் கையிலிருந்து கட்டும் பங்கு) கட்டப் பயந்தோ பிரீமியம் ஏறும் என்றோ அவர் சும்மா இருப்பார். இதற்குக் கம்பெனியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. அவருக்கே நேராகக் கோரிக்கைக் கடிதம் அனுப்பினால் மனிதர் அசைவார். "பாலிசி காலாவதி", "ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை" என்று வந்தால் கம்பெனி கழன்றுகொண்டது என்று அர்த்தம். இனி அவருடைய சொந்தப் பணம்தான், அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செலவில் இறங்க வேண்டும். "தவறு எங்கள் பக்கம் இல்லை" என்றால் அது சாட்சியச் சண்டை. டேஷ்கேம் பதிவு, இடித்த கோணம் தெரியும் படங்கள், சாட்சியின் வாக்குமூலம் இவற்றை ஒரு முறை ஒழுங்காக அடுக்கி அனுப்பிப் பார்க்கலாம். போலீஸ் ஸ்டேஷனில் பதிந்த விபத்து அறிக்கை எண்ணும் அதில் இருக்க வேண்டும். யாருக்கும் காயம் இல்லாவிட்டாலும் அடுத்த வேலை நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சாலைச் சட்டம். காயம் என்றால் 24 மணி நேரத்துக்குள்.

ஒரு முறை அனுப்புங்கள் என்றேன். மாதக்கணக்கில் "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். 1969 காலாவதிச் சட்டப்படி உங்களுக்கு இருப்பது மூன்று வருஷம். நீங்கள் எழுதும் கடிதங்களால் அந்தக் கடிகாரம் நிற்காது; வழக்குத் தாள் எதிராளியின் கையில் சேர்ந்தாலோ, அவரே பொறுப்பை ஒப்புக்கொண்டாலோதான் நிற்கும்.

சொந்த இன்சூரன்ஸில் வாங்குவது

முழு இன்சூரன்ஸ் வைத்திருப்பவருக்கு, பெரிய சேதம் என்றால் இதுதான் முதல் வழி. இதில் நான் யோசிக்கவே மாட்டேன். 60,000 ராண்ட் சேதம், 6,500 ராண்ட் எக்ஸஸ் என்று வையுங்கள். எக்ஸஸைக் கட்டினால் பேனல் பீட்டர், அதாவது நசுங்கிய வண்டியைச் சரிசெய்பவர், வேலையைத் தொடங்கிவிடுவார். இடித்தவரைத் துரத்துகிற வேலை உங்கள் கம்பெனியுடையது. பணம் கொடுத்த கம்பெனிக்கு உங்கள் பெயரிலேயே வழக்குப் போடும் உரிமை வந்துவிடுகிறது. அவர்கள் வசூலித்தால் உங்கள் எக்ஸஸும் திரும்பும்.

வசூலித்தால் என்பதில்தான் சிக்கல். "என் தப்பே இல்லை, நான் ஏன் எக்ஸஸ் கட்டணும்?" என்ற கோபம் நியாயமானது. ஆனால் எக்ஸஸ் என்பது தவறு யாருடையது என்று பார்க்காமல் பிடிக்கிற தொகை. வசூல் பிரிவு எல்லாக் கோப்பையும் ஒரே வேகத்தில் நகர்த்தாது. எதிராளியிடம் சொத்து இல்லை என்று தெரிந்தால் மூடியும் விடும். அதனால் வசூலுக்குப் போகிறீர்களா, எக்ஸஸையும் சேர்த்துக் கேட்கிறீர்களா என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் கேளுங்கள். கேட்காதவர் கோப்பு அடியில் போய்விடும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கம்பெனி வண்டியைச் சரிசெய்து கொடுத்துவிட்டது, எக்ஸஸை மட்டும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள். இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு விபத்தின் சொத்துச் சேதத்துக்கு ஒரே தடவைதான் வழக்கு. 6,500-க்கு நீங்கள் தீர்ப்பு வாங்கிவிட்டால், மீதி 53,500-க்குக் கம்பெனி போடும் வழக்கை "இது முடிந்துபோன விஷயம்" என்று எதிராளி தடுக்கப் பார்ப்பார். அப்புறம் உங்கள் கம்பெனி உங்கள் மேல் பாயும். அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் அந்தப் பக்கம் போகவே கூடாது.

உங்கள் கம்பெனியே மறுத்தால் கதை வேறு. 90 நாளுக்குள் அவர்களிடமே மறுபரிசீலனை கேட்கலாம். நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட் என்ற குறைதீர்ப்பு அமைப்புக்கும் இலவசமாகப் போகலாம். 2024 மார்ச் முதல் பழைய இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கள் அதற்குள் சேர்ந்துவிட்டார்கள். இதே அமைப்பிடம் எதிர்வண்டிக் கம்பெனியைப் பற்றிப் புகார் கொண்டு போனால் பொதுவாகக் காரியம் ஆகாது, நீங்கள் அவர்களுடைய பாலிசிக்காரர் இல்லையே.

ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் எதுவுமே இல்லாதவர்களுக்கும் நான் முதலில் காட்டுவது இந்தக் கதவைத்தான். 2019 ஏப்ரல் முதல் இதன் வரம்பு 20,000 ராண்ட். வக்கீல் உள்ளே வரக் கூடாது. எதிராளிக்கும் அதே விதி. அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி வாதாட வக்கீலை அனுப்ப முடியாது, இடித்தவரே வந்து நிற்க வேண்டும். மின்னஞ்சலில் வீராப்பாக மறுத்த கதையை, தீர்ப்புச் சொல்லும் கமிஷனர் முன்னால் சொந்த வாயால் சொல்வது வேறு அனுபவம். கமிஷனர்கள் சம்பளம் வாங்காமல் வரும் சட்டத்துறைக்காரர்கள். கேள்விகளை அவர்களே கேட்பார்கள். குறுக்கு விசாரணை என்று யாரும் உங்களை மிரட்ட மாட்டார்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கிளார்க்கிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நடைமுறை எளிது. 14 நாள் அவகாசம் தந்து கோரிக்கைக் கடிதத்தை நேரில் கொடுக்கலாம், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பலாம். பணம் வராவிட்டால் கடித நகலோடும் போய்ச் சேர்ந்த அத்தாட்சியோடும் கோர்ட் கிளார்க்கைப் பார்க்க வேண்டும். விபத்து நடந்த இடமோ எதிராளி வசிக்கும் இடமோ எந்த மாஜிஸ்திரேட் வட்டாரத்தில் வருகிறதோ அங்கே போட வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறோம், விபத்து பைன்டவுனில் என்றால் வீட்டுப் பக்கத்துக் கோர்ட் உதவாது. சம்மனை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம். எதிராளி முரடர் என்றால் ஷெரிஃப் என்ற கோர்ட் அலுவலருக்குக் கட்டணம் கட்டி அனுப்புவதே நல்லது.

சேதம் 24,000 என்றால்? மேலே உள்ள 4,000-ஐ விட்டுக்கொடுத்து 20,000-க்குப் போடலாம். 6,500 எக்ஸஸ் உள்ள முழு பாலிசிக்காரர் இதையும் சொந்த இன்சூரன்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஒரு பக்கம் 4,000 நிச்சய நஷ்டம், மீதி ஜெயித்தால்தான். மறுபக்கம் 6,500 இப்போதே போகிறது, வண்டி இப்போதே சரியாகிறது, பிரீமியம் ஏறலாம். சாட்சியம் வீடியோவாகவே இருந்து, எதிராளிக்கு நிலையான வேலையும் இருந்தால் நான் கோர்ட்டுக்குப் போவேன். இதில் ஏதாவது ஒன்று குறைந்தால் இன்சூரன்ஸ்தான். எப்படியானாலும் விபத்து நடந்ததை உங்கள் கம்பெனிக்குத் தெரிவித்துவிடுங்கள். பணம் கேட்காவிட்டாலும் தகவல் தருவது பாலிசி நிபந்தனை.

இந்தக் கோர்ட்டில் நம்மவர்கள் சிக்குவது இன்னோர் இடத்தில். கடை வைத்திருப்பவர்கள் பக்கியை (பிக்கப் வண்டியை) தங்கள் வியாபாரக் கம்பெனிப் பெயரில் வாங்கியிருப்பார்கள். கம்பெனி இங்கே வழக்குப் போட முடியாது, தனிமனிதர்தான் போடலாம். வியாபாரக் கம்பெனி மேல் வழக்குப் போடுவது மட்டும் முடியும். வங்கிக் கடனில் வாங்கிய கார் அப்படியில்லை. உரிமை வங்கியிடம் இருந்தாலும் சேதத்தின் சுமை ஒப்பந்தப்படி உங்கள் தலையில் என்பதால் நீங்கள் கேட்கலாம். ஒப்பந்த நகலைக் கையில் வையுங்கள். அரசு வண்டியோ முனிசிபாலிட்டி லாரியோ இடித்திருந்தால் இந்தக் கதவு மூடியிருக்கும். அங்கே ஆறு மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்ற 2002-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது.

தீர்ப்பு வந்தால் அப்பீல் இல்லை. நடைமுறைக் கோளாறு என்றால் மட்டும் மறுஆய்வு கேட்கலாம்.

மாஜிஸ்திரேட் கோர்ட்

2,00,000 ராண்ட் வரை மாவட்டக் கோர்ட், 4,00,000 வரை ரீஜனல் கோர்ட். இழுத்தடிப்பு, வக்கீல் கட்டணம், ஒத்திவைப்பு எல்லாம் ஊரில் பார்த்த மாதிரிதான். ஜெயித்தாலும் எதிராளி கட்டும் கோர்ட் செலவு உங்கள் வக்கீல் பில்லை முழுதாக அடைக்காது. ஜெயித்தால்தான் கட்டணம் என்று பேசும் வக்கீல்கள் உண்டு. சாதாரணக் கட்டணத்தின் இரட்டிப்பு, கிடைக்கும் தொகையில் 25 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் அவர்கள் எடுக்கக் கூடாது. சேதத்தையும் இங்கே சரியாக நிரூபிக்க வேண்டும்: கொட்டேஷன் தாள் மட்டும் போதாது, அதை எழுதிய பேனல் பீட்டரோ, சேதத்தை மதிப்பிட்ட அசெஸரோ சாட்சி சொல்ல வேண்டி வரும். ரிப்பேர் செலவு வண்டியின் சந்தை விலையைத் தாண்டினால் விலைதான் கிடைக்கும், அதிலும் உடைசலின் மதிப்பு கழியும்.

முழு இன்சூரன்ஸ் இல்லாதவர், சேதம் 20,000-ஐ நன்றாகத் தாண்டுகிறது, எதிராளிக்கு இன்சூரன்ஸ் உண்டு: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் இந்த வழி லாபம். எதிராளிக்கு இன்சூரன்ஸும் இல்லை, சொத்தும் இல்லை என்றால் தீர்ப்புத் தாளை வைத்துக்கொண்டு ஷெரிஃப் எதைத் தூக்குவார்? மினிபஸ் டாக்சி இடித்தால் இன்னும் ஜாக்கிரதை. வண்டி தன் பெயரில் இருக்கிறது என்பதற்காக மட்டும் உரிமையாளர் பொறுப்பாகமாட்டார். ஓட்டுநர் அவருடைய வேலையாகப் போய்க்கொண்டிருந்தார் என்று காட்ட வேண்டும். அதனால் விபத்து நடந்த இடத்திலேயே ஓட்டுநரின் பெயர், உரிமையாளர் பெயர் இரண்டையும் வாங்குங்கள்.

ரோடு ஆக்சிடென்ட் ஃபண்டைப் பற்றியும் கேட்கிறார்கள். பெட்ரோல் போடும்போது லிட்டருக்கு இரண்டு ராண்டுக்கு மேல் அதற்குத்தான் போகிறது. ஆனால் அது உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும்தான். பம்பருக்கு ஒரு சென்ட் வராது.

பாதி தருகிறோம் என்றால்

மறுத்த கம்பெனி சம்மன் போனதும் "ஐம்பது சதவீதம்" என்று இறங்கி வரும். கோபத்தில் தள்ளிவிடாமல் கணக்குப் போடுங்கள். 1956 இழப்பீட்டுப் பங்கீட்டுச் சட்டப்படி இரு பக்கமும் தவறு இருந்தால் இழப்பீடு அந்த விகிதத்தில் குறையும். உங்கள் சேதம் 18,000, தவறில் உங்கள் பங்கு 30 சதவீதம் என்றால் உங்களுக்கு வருவது 12,600. அவருடைய கார் விலை உயர்ந்தது, சேதம் 40,000 என்றால் அதில் 30 சதவீதம், அதாவது 12,000, நீங்கள் தர வேண்டியது. கடைசியில் கையில் நிற்பது 600 ராண்ட். மூன்றாம் நபர் பாலிசி இருந்தால் அந்த 12,000-ஐ உங்கள் கம்பெனி பார்த்துக்கொள்ளும். எதுவும் இல்லாதவருக்குத்தான் அடி. தவறு கொஞ்சமாவது நம் பக்கமும் இருக்கிறது, எதிரே நிற்பது விலை உயர்ந்த கார் என்றால் பாதிப் பணம் நல்ல பணம்.

பின்னாலிருந்து இடித்தது வீடியோவில் தெளிவாக இருந்தால் பாதிக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. எதற்குச் சம்மதித்தாலும், அனுப்பும் தாளில் "முழுமையான இறுதித் தீர்வு" என்ற வரி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் டோ டிரக் கட்டணம், யார்டில் வண்டி நின்ற நாளுக்கான வாடகை, மாற்று கார்ச் செலவு எல்லாம் அந்தத் தொகைக்குள் வந்துவிட்டதா என்று பாருங்கள். கையெழுத்துக்குப் பிறகு அவற்றைத் தனியாகக் கேட்க முடியாது.