ஜாவா மைக்ரோசர்வீஸை ஏற்ற எது வழி: டாக்கர்ஃபைலா, ஜிப்பா, பில்ட்பேக்கா? அப்புறம் கம்போஸா, கூபர்னெட்டீஸா?

ஐந்தாறு சர்வீஸ்களை ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டில் எழுதி முடித்தாயிற்று, ஒவ்வொன்றும் லேப்டாப்பில் தனித்தனியாக நன்றாகவே ஓடுகிறது, இனி எல்லாவற்றையும் கன்டெய்னரில் (சர்வீஸையும் அது ஓடத் தேவையானதையும் ஒன்றாக அடைத்த பெட்டி) போட்டு சர்வரில் ஏற்ற வேண்டும். இந்தக் கட்டத்தில் பல டீம்கள் "கூபர்னெட்டீஸுக்குப் போகலாமா வேண்டாமா" என்று (பல மெஷின்களில் கன்டெய்னர்களை ஓட்டிப் பராமரிக்கும் மென்பொருள் அது) இரண்டு வாரம் பேசுகின்றன. இமேஜை, அதாவது கன்டெய்னரை உருவாக்கும் அச்சை, எப்படிக் கட்டுவது என்பதையோ யாராவது ஒருவர் எங்கிருந்தோ எடுத்த ஐந்து வரி டாக்கர்ஃபைலை ஒட்டி ஒரு மாலையில் முடித்துவிடுகிறார். நான் பார்த்தவரை பின்னால் வந்து கழுத்தைப் பிடிப்பது அந்த ஐந்து வரிதான். அதனால் இமேஜில் தொடங்குகிறேன்.

டாக்கர்ஃபைல்

இமேஜ் கட்டும் படிகளை வரிசையாக எழுதிய ஃபைல். இதன் பலம், எதுவும் மறைவாக இல்லை. எந்த பேஸ் இமேஜ், எந்த ஃபைல் எங்கே போகிறது, எந்தக் கட்டளை கடைசியில் ஓடுகிறது, எல்லாம் கண்ணெதிரே இருக்கும். பலவீனமும் அதேதான், எல்லாவற்றையும் நீங்களே சரியாக எழுத வேண்டும்.

முதலில் ஃபேட் ஜார் (கோடும் லைப்ரரிகளும் ஒன்றாக அடங்கிய ஒற்றை ஃபைல்) விஷயம். ஒரு சாதாரண ஸ்பிரிங் பூட் ஜார் 60 எம்பி இருக்கிறது என்று வையுங்கள், அதில் நீங்கள் எழுதிய கோட் ஒரு எம்பி கூடத் தேறாது, மற்றதெல்லாம் லைப்ரரி. அந்த ஜாரை அப்படியே இமேஜுக்குள் காப்பி செய்தால் அது ஒரே லேயர், அதாவது இமேஜின் ஒரே அடுக்கு. ஒரு வரியை மாற்றினாலும் 60 எம்பி முழுசாக ரெஜிஸ்ட்ரிக்கு (இமேஜ்களைச் சேமிக்கும் இடம்) போய், அங்கிருந்து ஒவ்வொரு சர்வருக்கும் மறுபடி இறங்கும். ஆறு சர்வீஸ், ஒரு நாளைக்குப் பத்து பில்ட் என்றால் எவ்வளவு ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். 2020இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.3 இதற்காகவே ஜாரை லேயர்களாகப் பிரிக்க வழி கொடுத்தது. அரிதாக மாறும் லைப்ரரிகள் கீழே, அடிக்கடி மாறும் உங்கள் கிளாஸ்கள் மேலே. இதை டாக்கர்ஃபைலில் இரண்டு கட்டமாக எழுதிவிட்டால் அடுத்த பில்டிலிருந்து நகர்வது அந்தச் சின்ன மேல் லேயர் மட்டும்தான்.

இரண்டாவது, நிறுத்தும் விஷயம். இதில் நான் நேரடியாக அடிபட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை புதுப் பதிப்பு ஏற்றும்போதும் நாலைந்து ரிக்வெஸ்ட் பாதியில் அறுந்தன. லோட் பேலன்சரைச் சந்தேகப்பட்டோம், நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் ஒருநாள் டெர்மினலில் கன்டெய்னரைக் கையால் நிறுத்திப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது: எப்போது நிறுத்தினாலும் சரியாக 10 விநாடி ஆகிறது. டாக்கர் முதலில் மரியாதையாக ஒரு சிக்னல் அனுப்பி, 10 விநாடி காத்திருந்து, பதில் இல்லையென்றால் கொன்றுவிடும். அப்படியானால் அந்த முதல் சிக்னல் ஜாவாவுக்குப் போய்ச் சேரவே இல்லை. எங்கள் இமேஜ் ஒரு சின்ன ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்டை ஓட்டியது, ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் ஜாவா. கன்டெய்னருக்குள் முதல் புராசஸ் ஷெல்தான், சிக்னல் அதோடு நின்றுவிட்டது. ஜாவா வரிக்கு முன்னால் எக்ஸெக் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தோம், ஷெல் இருந்த இடத்தில் ஜாவாவே உட்கார்ந்தது. அதோடு ஸ்பிரிங் பூட்டின் கிரேஸ்ஃபுல் ஷட்டவுனையும் (கையிலுள்ள ரிக்வெஸ்ட்களை முடித்துவிட்டு நிற்பது) போட்டதும் அறுந்த ரிக்வெஸ்ட்கள் நின்றன. அந்த செட்டிங் 3.4இலிருந்து தானாகவே இருக்கும், அதற்கு முந்தைய பதிப்பென்றால் நீங்கள்தான் போட வேண்டும்.

ஜிப்

இது Jib, ஃபைலைச் சுருக்கும் zip இல்லை. கூகுள் 2018இல் வெளியிட்டது. ஜாவா பில்ட் கருவிகளான மேவன், கிரேடில் இரண்டுக்கும் பிளகின். டாக்கர்ஃபைல் வேண்டாம், இன்னும் முக்கியமாக, இமேஜ் கட்டுகிற மெஷினில் டாக்கரே வேண்டாம். கோடை கம்பைல் செய்து, லைப்ரரி, ரிசோர்ஸ், கிளாஸ் என்று தானே லேயர் பிரித்து, நேராக ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பிவிடும். சிஐ ரன்னருக்குள் (தானாக பில்ட் செய்யும் மெஷின்) டாக்கரை ஓட்ட அதிக உரிமை கொடுத்துத் தொல்லைப்பட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். மேலே சொன்ன ஷெல் பிரச்சினையும் இதில் வராது, ஜாவாவைத்தான் நேரடியாகத் தொடங்குகிறது.

புதிதாக வருபவர்கள் ஒரு இடத்தில் திடுக்கிடுவார்கள். இமேஜ் பட்டியலில் உருவான தேதி 1970 என்று காட்டும். அது பிழையில்லை. ஒரே கோடுக்கு எப்போது கட்டினாலும் ஒரே இமேஜ், ஒரே ஹேஷ் வரவேண்டும் என்பதற்காக நேரத்தை வேண்டுமென்றே பூஜ்ஜியத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

குறை என்றால், இமேஜ் கட்டும்போது உள்ளே எந்தக் கட்டளையையும் ஓட்ட முடியாது. பிடிஎஃப் ரிப்போர்ட் போடும் ஒரு சர்வீஸ் இருக்கிறது என்று வையுங்கள். சிறிய பேஸ் இமேஜில் ஃபான்ட் எதுவும் இருக்காது, லேப்டாப்பில் ஓடியது அங்கே ஃபான்ட் கான்ஃபிக் எரர் போட்டு விழும். டாக்கர்ஃபைல் என்றால் ஒரு வரியில் பேக்கேஜை இன்ஸ்டால் செய்யலாம். ஜிப்பில் அதற்கென்று ஒரு பேஸ் இமேஜைத் தனியாகக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை செய்துவிட்டால் போதும், ஆனால் அதை யார் பராமரிப்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

பில்ட்பேக்

கோடைப் பார்த்துத் தானே இமேஜ் கட்டிவிடும் கருவி. 2011இல் கிளவுட் நிறுவனமான ஹெரோக்கு தொடங்கிய யோசனை, 2018இல் பிவோட்டலும் சேர்ந்து கன்டெய்னருக்கு ஏற்ற பொதுத் திட்டமாக மாற்றினார்கள். ஸ்பிரிங் பூட் 2.3இலிருந்து பில்ட் இமேஜ் என்று ஒரே கட்டளையில் கிடைக்கிறது, ஆனால் இதற்கு டாக்கர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முதல் தடவை பெரிய பில்டர் இமேஜ் இறங்கும்வரை பொறுமை வேண்டும்.

இதன் பெரிய பலம் ரீபேஸ். ஆப்பரேட்டிங் சிஸ்டம் லேயரில் ஒரு பாதுகாப்புக் கோளாறு வந்தால், கோடை மறுபடி கம்பைல் செய்யாமல் அடி லேயரை மட்டும் உருவி புதியதை மாட்டலாம். நாற்பது சர்வீஸ் வைத்திருக்கும் இடத்துக்கு இது தங்கம்.

ஆனால் மெமரியில் கவனம். ஸ்பிரிங் பூட் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பாக்கெட்டோ பில்ட்பேக், கன்டெய்னர் தொடங்கும்போது ஒரு கணக்குப் போடும். 250 த்ரெட், ஒவ்வொன்றுக்கும் 1 எம்பி ஸ்டாக், ஆக 250 எம்பி. கோட் கேஷுக்கு (ஓடும்போது கம்பைல் ஆன கோடுக்கான இடம்) 240 எம்பி. இதிலேயே 490 ஆகிவிட்டது, இன்னும் மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்களுக்கான இடம்) சேர வேண்டும், ஆப்ஜெக்ட்கள் இருக்கும் ஹீப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் கன்டெய்னருக்கு 512 எம்பி என்று லிமிட் வைத்தால் மெமரி போதாது என்று சொல்லி அது தொடங்கவே மறுக்கும். த்ரெட் எண்ணிக்கையை 50ஆகக் குறைத்தால் கிளம்பிவிடும். எனக்கு இந்தக் கண்டிப்பு பிடித்திருக்கிறது. நள்ளிரவில் சாவதைவிடத் தொடங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

மூன்றில் என் தேர்வு ஜிப், எல்லா சர்வீஸும் ஜாவாதான் என்றால். நடுவில் பைத்தானோ நோடோ கலந்திருந்தால், சிஸ்டம் பேக்கேஜ் நிறையத் தேவைப்பட்டால், தயங்காமல் டாக்கர்ஃபைல். பில்ட்பேக் பல டீம்களுக்குச் சேர்த்து ஒரே இடத்தில் பேட்ச் போடும் பொறுப்பு உள்ளவர்களுக்கு.

எதில் கட்டினாலும் மெமரி உங்கள் தலையில்தான்

கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு சாகும். லாகைத் திறந்தால் ஜாவாவின் அவுட் ஆஃப் மெமரி எரர் எதுவும் இருக்காது, ஏதோ ஒரு வரியோடு நின்றிருக்கும். 128உடன் 9 சேர்ந்தது 137. அந்த 9 கெர்னல் அனுப்பிய கொல்லும் சிக்னல். ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்முக்குக் கடைசி வார்த்தை சொல்லக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

பழைய ஜாவா 8, கன்டெய்னரின் லிமிட்டைப் பார்க்காமல் மொத்த மெஷினின் மெமரியில் நாலில் ஒரு பங்கை ஹீப்புக்கு எடுத்துக்கொள்ளும். 64 ஜிபி சர்வரில் 16 ஜிபிவரை வளரலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும், உங்கள் லிமிட்டோ 1 ஜிபி. 2018இல் ஜாவா 10இலும், 8இன் 191ஆம் அப்டேட்டிலும் இது சரியானது. பிறகு லினக்ஸ், கன்டெய்னர் லிமிட்டைக் காக்கும் சிகுரூப்பின் இரண்டாம் பதிப்புக்கு மாறியபோது அதே பிரச்சினை வேறு முகத்தோடு திரும்பி வந்தது. ஜாவா 11 என்றால் 11.0.16, ஜாவா 8 என்றால் 372ஆம் அப்டேட், இவற்றுக்குக் கீழே இருந்தால் புதிய சர்வரில் லிமிட் கண்ணுக்குத் தெரியாது. சர்வரை மட்டும் புதுப்பித்து, ஜாவாவைப் பழசாகவே விட்டவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

புதிய பதிப்பிலும் தானாக ஹீப்புக்குக் கிடைப்பது லிமிட்டில் 25 சதவீதம்தான், காசு கொடுத்த மெமரியில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். அந்தச் சதவீதத்தை மாற்றும் மேக்ஸ் ரேம் பர்சென்டேஜை, லிமிட் 1 ஜிபிக்கு மேல் என்றால் 70, 75 என்று வைக்கலாம். 512 எம்பியில் அதே 75ஐ வைத்தால் த்ரெட், மெட்டாஸ்பேஸ், கோட் கேஷ் மூன்றும் மிச்சமிருக்கும் 128 எம்பிக்குள் நெருக்கியடிக்கும், மறுபடி 137.

ஜாவாவை முன்கூட்டியே மெஷின் கோடாக மாற்றும் கிரால் விஎம் நேட்டிவ் இமேஜைப் பற்றியும் கேட்பார்கள். ஸ்பிரிங் பூட் 3, இன்னொரு ஜாவா ஃபிரேம்வொர்க்கான குவார்கஸ் இரண்டிலும் முடியும். ஒரு விநாடிக்குள் எழுந்துவிடும், மெமரி நன்றாகக் குறையும். பதிலுக்கு ஒவ்வொரு பில்டும் பல நிமிடம், ரிஃப்ளெக்‌ஷன் பயன்படுத்தும் லைப்ரரிகளோடு மல்லுக்கட்டு. ஆள் வராதபோது பூஜ்ஜியத்துக்கு இறங்கி, வந்தவுடன் எழ வேண்டிய சர்வீஸ் என்றால் செய்யுங்கள். நாள் முழுக்க ஓடும் சர்வீஸுக்கு நான் செய்யமாட்டேன்.

கம்போஸா, கூபர்னெட்டீஸா

பல கன்டெய்னர்களை ஒன்றாக எழுப்பும் டாக்கரின் கம்போஸ் ஒரே மெஷினுக்கானது. அந்த எல்லைக்குள் அது அருமை. ஒரு ஃபைல், ஒரு கட்டளை, டேட்டாபேஸ், மெசேஜ் கியூ, ஆறு சர்வீஸ் எல்லாம் எழுந்து நிற்கும். புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளே மொத்த சிஸ்டத்தையும் தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்க முடிவதைவிட ஒரு டீமுக்கு வேறு என்ன வேண்டும்?

இரண்டு இடங்களில் எல்லோரும் தடுக்குவார்கள். ஒன்று, டேட்டாபேஸ் முகவரியை லோக்கல்ஹோஸ்ட் என்றே விட்டுவைப்பது. கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான், கம்போஸ் ஃபைலில் கொடுத்த சர்வீஸ் பெயரைத்தான் போட வேண்டும். இன்னொன்று, டிபெண்ட்ஸ் ஆன் போட்டால் டேட்டாபேஸ் தயாராகும்வரை காத்திருக்கும் என்ற நம்பிக்கை. வெறுமனே போட்டால் கன்டெய்னர் தொடங்கியதா என்று மட்டும்தான் பார்க்கும். ஹெல்த்செக் எழுதி, ஹெல்தி ஆன பிறகு என்று நிபந்தனையும் சேர்த்தால்தான் நிஜமாகக் காத்திருக்கும்.

கூபர்னெட்டீஸ் வேண்டியது ஒரு மெஷின் விழுந்தாலும் சர்வீஸ் நிற்கக்கூடாது, ஏற்றும்போது இடைவெளி வரக்கூடாது என்ற தேவை வரும்போது. கம்போஸில் புதிய இமேஜை ஏற்றினால் பழையது நின்று புதியது எழும்வரை, ஜாவாவின் எழும் வேகத்துக்கு, சில பத்து விநாடிகள்கூட ஓட்டை விழும். அது உங்களுக்குப் பரவாயில்லை என்றால் கம்போஸிலேயே சர்வரிலும் ஓட்டுங்கள், அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

போவதென்று முடிவெடுத்தால், சரி, சில பழைய சாமான்களைக் கழற்றிவிட்டுப் போகலாம். எந்த சர்வீஸ் எங்கே ஓடுகிறது என்று பதிவு வைக்கும் யுரேகாவின் வேலையை கூபர்னெட்டீஸின் 'சர்வீஸ்' என்ற அம்சமும் டிஎன்எஸ்ஸும் செய்துவிடும், செட்டிங்குகளை ஒரே இடத்திலிருந்து கொடுக்கும் கான்ஃபிக் சர்வரின் பெரும்பாலான வேலையை கான்ஃபிக்மேப் செய்துவிடும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் ஒரு பாட் (கூபர்னெட்டீஸ் கன்டெய்னரை ஓட்டும் அலகு) செத்ததை ஒன்று அறிந்து மற்றது அறியாமல் இருக்கும் நேரங்கள் வரும்.

ப்ரோப் (கூபர்னெட்டீஸ் அவ்வப்போது செய்யும் நலச் சோதனை) எழுதும்போது ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள்: உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னெஸ் ப்ரோப்பில் டேட்டாபேஸ் செக்கைச் சேர்ப்பது. நாங்கள் சேர்த்திருந்தோம். டேட்டாபேஸ் ஒரே ஒரு நிமிடம் திணறியது. எல்லா பாட்களும் செத்துவிட்டதாக முடிவுகட்டி கூபர்னெட்டீஸ் அத்தனையையும் ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் செய்தது. எழுந்தவை எல்லாம் சேர்ந்து, இப்போதுதான் மூச்சு வாங்கிய டேட்டாபேஸ்மேல் மொத்தமாகப் பாய்ந்தன. ஒரு நிமிடத் திணறல் முக்கால் மணி நேரமாக நீண்டது. வெளி விஷயங்களைப் பார்க்க வேண்டிய இடம், ரிக்வெஸ்ட் வாங்கத் தயாரா என்று பார்க்கும் ரெடினெஸ், அதுவும் யோசித்துத்தான். மெதுவாக எழும் சர்வீஸுக்கு ஸ்டார்ட்டப் ப்ரோப் தனியாகக் கொடுங்கள், இல்லையென்றால் எழுவதற்குள் கொன்று, மறுபடி எழுப்பி, மறுபடி கொன்று என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

அப்புறம், கம்போஸிலிருந்து கூபர்னெட்டீஸுக்கு மாறும் அன்று யாரும் போட்டுப் பார்க்காத ஒரு பெருக்கல் இருக்கிறது. ஸ்பிரிங் பூட்டோடு வரும் ஹிகாரி பூல் (டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் திறந்து வைத்துக்கொள்ளும் லைப்ரரி), ஒரு சர்வீஸுக்குத் தானாக 10 கனெக்‌ஷன் வைத்துக்கொள்ளும். கம்போஸில் ஆறு சர்வீஸ், 60 கனெக்‌ஷன், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தானாக அனுமதிக்கும் 100க்குள் அடங்கியது. கூபர்னெட்டீஸில் ஆளுக்கு மூன்று ரெப்ளிகா (ஒரே சர்வீஸின் பிரதிகள்) என்று வைத்தால் 180. ரோலிங் அப்டேட் நடக்கும்போது பழையதும் புதியதும் சேர்ந்து இன்னும் கூடும். முதல் பத்து பாட்கள் அழகாக எழும், அதற்கு மேல் வருபவை கனெக்‌ஷன் கிடைக்காமல் விழும், நீங்கள் யாமல் ஃபைலில் தப்பைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ரெப்ளிகா எண்ணை மாற்றுவதற்கு முன்னால் பூல் அளவை நாலைந்துக்கு இறக்குங்கள், அல்லது நடுவில், போஸ்ட்கிரெஸ் கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரை வையுங்கள்.