நொச்சியா, செண்டுமல்லியா: கொசுவுக்கு எந்தச் செடி?

நர்சரியில் 'கொசு விரட்டிச் செடி' என்று சொல்லி விற்ற ஜெரேனியத்தைப் போன வருடம் ஆசையாக வாங்கிவந்தேன். இலையைத் தொட்டால் எலுமிச்சை வாசம், பார்க்கவும் அழகு. ஒரு சாயங்காலம் அந்த இலை மேலேயே கொசு உட்கார்ந்திருந்தது. 1990-களிலேயே அமெரிக்காவிலும் கனடாவிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். செடி பக்கத்தில் இருப்பதால் மட்டும் கடி குறையவில்லை.

வாசமெல்லாம் இலைக்குள் எண்ணெயாக இருக்கிறது. கசக்கினாலோ புகை போட்டாலோதான் சரியாக வெளியே வரும். அதனால் இலை தாராளமாகக் கிடைக்கிற செடிதான் தேவை.

இடம் இருந்தால் என் ஓட்டு நொச்சிக்குத்தான். ஒரு குச்சியை ஒடித்து வேலியோரம் ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். விரல் விரித்ததுபோல் இலை, நுனியில் ஊதாப் பூங்கொத்து. ஊர்ப்பக்கம் மாட்டுக் கொட்டகையில் நொச்சியையும் வேப்பிலையையும் தணலில் போட்டு மூட்டம் போடுவார்கள். (வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இது வேண்டாம்.) சென்னை மாநகராட்சிகூட ஒரு சமயம் கொசுவுக்காக நொச்சிக் கன்று கொடுத்தது. அந்தக் காலத்தில் மதில் காத்த வீரர் சூடிய பூ, இப்போது காம்பவுண்டைக் காக்கிறது! ஆனால் ஆளுயரம் தாண்டி வளரும், அடிக்கடி வெட்டிவிட வேண்டும், தொட்டிக்குள் அடங்காது.

பால்கனிக்கு எலுமிச்சைப் புல்லா, சிட்ரொனெல்லாவா? இரண்டும் ஒரே இனத்துப் புல், ஆனால் ஒன்றல்ல. கொசுவுக்குப் பேர்போன எண்ணெய் சிட்ரொனெல்லாவில் எடுப்பது. அதைப் பூசினாலும் ஓரிரு மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம். நான் வைத்திருப்பது எலுமிச்சைப் புல். கொசு போகாவிட்டாலும் டீக்காவது ஆகும்.

அழகில் செண்டுமல்லியை அடிக்க ஆளில்லை. ஆனால் அதில் பைரெத்ரின் என்ற பூச்சிக்கொல்லிச் சரக்கு இருக்கிறது என்று சொல்வது குழப்பம். கொசுவத்திக்கு முதலில் பயன்பட்ட அந்தச் சரக்கு வேறொரு வெள்ளைச் சாமந்தியில் கிடைப்பது. செண்டுமல்லியின் வேர், மண்ணில் இருந்து செடி வேரைத் தாக்கும் நூற்புழுவைக் குறைக்கும். தக்காளி, கத்தரிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

துளசி எப்படியும் வீட்டில் இருக்கும். தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம், அந்த ஜெரேனியத் தொட்டியை ஒருநாள் நகர்த்தினேன். அடித்தட்டில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. டெங்கு பரப்பும் ஏடிஸுக்கு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிடிக்கும், முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டை எடுத்துவிட்டேன். செடி இன்னும் இருக்கிறது, வாசத்துக்காக.