ஃபைலைச் சரியாக வைக்க ‘இன்ஸ்டால்’ கட்டளை: ஒரு மதிப்பீடு

ஊட்டியில் பில்ட் செய்த இலை எடைக் கணக்கு புரோகிராம், மஞ்சூர் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் திறக்க மறுக்கிறதா? கோடில் பிழை தேடுவதற்கு முன், பில்ட் செய்யவும் ஃபைல்களை இடத்தில் வைக்கவும் கட்டளைகள் எழுதிய மேக்ஃபைலின் கடைசி வரிகளைப் பாருங்கள். அங்கே ‘சிபி’ (cp) என்ற நகலெடுக்கும் கட்டளை இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். ஆடி மழையில் ரோட்டில் மண் சரிந்தால் நேரில் போய்ச் சரிசெய்ய முடியாது. முதல் தடவையே சரியாக உட்கார வேண்டும். அதற்கு, லினக்ஸின் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பான ஜிஎன்யூ கோர்யூட்டில்ஸோடு சேர்ந்தே வரும் ‘இன்ஸ்டால்’ போதும்.

சிபி புதிதாக வைக்கும் ஃபைலில், மூல ஃபைலின் பெர்மிஷனிலிருந்து யுமாஸ்க் (புதிய ஃபைலுக்குத் தரக்கூடாத பெர்மிஷன்களைச் சொல்லும் எண்) கழிந்துவிடும். ரூட்டின் (முழு அதிகாரமுள்ள அட்மின் யூசரின்) யுமாஸ்க் 077 என்றால், 644 (எல்லாரும் படிக்கலாம், ஓனர் மட்டும் எழுதலாம்) ஆக இருந்த விலைப் பட்டியல் 600 (ஓனருக்கு மட்டும்) ஆகும். எடை போடும் கிளார்க்கின் லாகினால் அதைப் படிக்க முடியாது. யுமாஸ்க்கைத் திருத்தி மறுபடி ஓட்டினாலும் பலனில்லை. இருக்கிற ஃபைலின்மேல் எழுதும்போது சிபி பழைய பெர்மிஷனையே விட்டுவைக்கும். பலரும் குழம்புவது இங்கேதான்.

இன்ஸ்டால் பழைய ஃபைலை நீக்கிவிட்டுப் புதிதாக வைக்கிறது. யுமாஸ்க் எதுவானாலும் ‘மைனஸ் எம் 644’ (-m 644) என்று பெர்மிஷனைக் கொடுத்தால் 644தான். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை மாற்றும்போது சிபி தரும் ‘டெக்ஸ்ட் ஃபைல் பிஸி’ தொல்லையும் இல்லை. எம் கொடுக்க மறந்தால் மட்டும் எல்லாமே 755. விலைப் பட்டியலுக்கும் எக்ஸிக்யூட் (புரோகிராமாக ஓட்டும்) பெர்மிஷன் ஏறிவிடும்.

பெரிய எழுத்து டி (-D) போட்டால் வழியில் இல்லாத ஃபோல்டர்களையும் உருவாக்கிக்கொள்ளும். இலக்கை ஃபைல் பெயர்வரை முழுதாக எழுதுங்கள். ‘தேயிலை’ என்று ஃபோல்டர் பெயரோடு நிறுத்தினால், அந்த ஃபோல்டர் இல்லாத கம்ப்யூட்டரில் ‘தேயிலை’ என்ற பெயரில் ஒரு ஃபைல்தான் உருவாகும். பில்ட் செய்த கம்ப்யூட்டரில் ஃபோல்டர் ஏற்கெனவே இருப்பதால் பிழை அங்கே தெரியவே தெரியாது.

பென்டிரைவில் கொடுத்தனுப்ப, ஃபைல்களை நிஜ இடத்துக்குப் பதில் வேறொரு ஃபோல்டருக்குள் வைக்கச் சொல்லும் ‘டெஸ்ட்டிர்’ (DESTDIR) வேரியபிள் மேக்ஃபைலில் அவசியம். ஒவ்வொரு இலக்குப் பாதைக்கும் முன்னால் அதை ஒட்டுங்கள்; இடையில் சாய்கோடு வேண்டாம், பிரிஃபிக்ஸே (இன்ஸ்டால் செய்யும் அடிப்படைப் பாதையே) சாய்கோட்டில்தான் தொடங்கும். சிம்லிங்க் (வேறொரு ஃபைலுக்கான குறுக்குவழி) சுட்டும் பாதையிலும் புரோகிராமுக்குள் பதியும் பாதையிலும் டெஸ்ட்டிர் வரக்கூடாது. ஒரு தற்காலிக ஃபோல்டரை டெஸ்ட்டிராகக் கொடுத்து, ரூட் இல்லாமல் ‘மேக் இன்ஸ்டால்’ ஓட்டுங்கள். ‘பெர்மிஷன் டினைட்’ வந்தால், எங்கோ ஒரு வரியில் டெஸ்ட்டிர் விட்டுப்போயிருக்கிறது. பிறகு அந்த ஃபோல்டரை டார் செய்யும்போது (ஒரே ஃபைலாகக் கட்டும்போது) ஓனர், குரூப் இரண்டையும் 0, அதாவது ரூட், என்று கொடுங்கள். இல்லாவிட்டால் ஊட்டி கம்ப்யூட்டரின் யூசர் எண்ணே அங்கும் போய் உட்காரும்.

ஐந்துக்கு நான்கு தரலாம். ஃபோல்டரை மொத்தமாக நகலெடுக்கத் தெரியாதது சின்னக் குறை. கிளார்க் திருத்திய செட்டிங்ஸ் ஃபைலைக் கேட்காமலே அழித்து எழுதுவதுதான் பெரிய குறை. டாரைப் பிரித்தாலும் அதே கதிதான். அந்த ஒரு ஃபைலை மட்டும் ‘மாதிரி’ என்று பெயர் சேர்த்து அனுப்பி, முதல் தடவை மட்டும் உண்மைப் பெயரில் நகலெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.