நெய்தலும் குறிஞ்சியும்: இத்தாலியில் 14 இரவுகளுக்கு எந்தக் கரை?

ரோமையும் வெனிசையும் இன்னொரு முறைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, கடலோரச் சிற்றூர் ஒன்றிலும் உள்நாட்டு மலைக் கிராமம் ஒன்றிலுமாக இரண்டு வாரம் தங்கிப் பார்க்கலாம் என்று முடிவு செய்பவருக்கு, அடுத்த கேள்வி எந்த மாநிலத்தில் என்பது. வடமேற்கில் லிகூரியா, நடுவே கிழக்குக் கரையில் அப்ரூசோ, தென்கிழக்கில் புலியா ஆகிய மூன்றும் இதற்கு நேரடிப் போட்டியாளர்கள். நேப்பிள்ஸுக்குத் தெற்கே உள்ள அமால்ஃபி கரையை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். மலையைக் குடைந்து போட்ட ஒற்றைச் சாலையில், நிற்கவும் இடமில்லாத பேருந்தில் கழியும் கோடைக்கு ஆற அமரப் பயணம் என்று பெயர் வைக்க மனம் வரவில்லை.

மூன்றையும் அழகை வைத்து அளந்தால் விடை கிடைக்காது; அழகில் ஒன்றும் குறைந்ததல்ல. இரண்டு, மிஞ்சினால் மூன்று தங்குமிடங்களுக்கு மேல் மாற்றாமல், உள்ளூர்க்காரர் ஏறும் ரயிலிலும் பேருந்திலுமே நெய்தலிலிருந்து குறிஞ்சிக்குப் போய்வர முடிகிறதா, அப்படிப் போகும்போது இரண்டும் ஒரே நிலத்தின் இரு பாதிகளாகத் தெரிகின்றனவா என்பதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டேன்.

லிகூரியாவில் மலையும் கடலும் பிரிந்தே இருப்பதில்லை. மொன்தெரொஸ்ஸோ, வெர்னாத்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்னும் ஐந்து ஊர்கள் சேர்ந்த சிங்க்வே தெர்ரே, 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் 1999 முதல் தேசியப் பூங்கா என்ற தகுதியிலும் இருக்கிறது. படங்களில் பார்ப்பவர்கள் இவற்றை மீனவர் ஊர்கள் என்று நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் மொன்தெரொஸ்ஸோவின் நெத்திலி மீனைத் தள்ளிவிட்டால், இங்கே நூற்றாண்டுகளாகச் சோறு போட்டது கடலைப் பார்த்து நிற்கும் செங்குத்துச் சரிவில் படிப்படியாக வெட்டிய திராட்சைத் தோட்டங்கள்தாம். ஒவ்வொரு படியையும் தாங்குவது சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர். அறுவடைக் காலத்தில் பழக்கூடைகளை ஏற்றி இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து செல்லும் சிறு வண்டிகளைச் சரிவில் காணலாம்; தேர் வடத்தைப் போல மலைமேல் ஏறிப்போகும் அந்தத் தண்டவாளத்தைப் பார்த்தாலே இங்கே விவசாயம் செய்வது என்ன பாடு என்பது விளங்கிவிடும். சுவரைப் பராமரிக்க ஆள் குறையும்போது சரிவு தளர்கிறது. 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய பெருமழையில் மண்ணும் கல்லும் சேறாக இறங்கி வெர்னாத்ஸாவையும் மொன்தெரொஸ்ஸோவையும் மூடியதை ஊர் இன்னும் மறக்கவில்லை.

போக்குவரத்தில் லிகூரியாவை மிஞ்ச ஆளில்லை. மொன்தெரொஸ்ஸோவை அடுத்த லெவான்தோவில் தங்கினால் ஐந்து ஊர்களும் ரயிலில் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். கடற்கரையும் காய்கறிச் சந்தையும் உள்ள லெவான்தோவில் மாலை நேரத்தில் உள்ளூர்க்காரர்களே அதிகம் நடமாடுவார்கள். அங்கிருந்து பொனஸ்ஸோலா வழியாக ஃபிரமூரா வரை, கைவிடப்பட்ட பழைய ரயில் சுரங்கங்களையே சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். சுரங்கத்தின் குளிர்ந்த இருட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும்போது பக்கவாட்டுத் திறப்பில் திடீரென்று கடல் வெளிச்சம் வந்து விழுவது, சிங்க்வே தெர்ரேயின் புகழ்பெற்ற காட்சிமுனைகள் பலவற்றைவிட எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

குறை எங்கே என்றால், அதே ரயிலில்தான். மே முதல் செப்டம்பர் வரை பகல் முழுவதும் நடைமேடைகள் நிரம்பி வழிகின்றன. பருவத்துக்கு ஏற்பக் கட்டணமும் ஏறுகிறது. ரியோமஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் ‘காதல் பாதை’ 2012இல் பாறை சரிந்து மூடப்பட்டு, 12 ஆண்டுகள் கழித்து 2024இல் திறக்கப்பட்டது. இப்போது முன்பதிவு செய்து, தனிக் கட்டணம் கட்டி, குறித்த நேரத்தில் நுழைய வேண்டும். நேரம் குறித்துக்கொண்டு காதலிப்பது அவரவர் சாமர்த்தியம். கொர்னீலியாவிலிருந்து மனரோலாவுக்கு வோலாஸ்த்ரா என்ற மலைக் குக்கிராமத்தின் வழியாகத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் மேல்பாதை அதைவிடப் பல மடங்கு மேல். கால் வலிப்பவர்களுக்கு வோலாஸ்த்ராவிலிருந்து மனரோலாவுக்கு இறங்கச் சிறு பேருந்தும் உண்டு. மூட்டுவலியுள்ள பெற்றோரோடு போகிறவர்கள் லிகூரியாவை யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும்: கொர்னீலியா ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் செல்ல ஏறத்தாழ 380 படிகள், மற்ற ஊர்களிலும் தெரு என்பதே பெரும்பாலும் படிக்கட்டு. ஏழு இரவுக்கு லிகூரியா போதும். 14 இரவு என்றால் ஜெனோவா வழியாக மேற்கு எல்லைக்குப் போய், பிரெஞ்சு ஓவியர் மொனே 1884இல் வரைந்த பாலம் உள்ள தொல்சேஆக்குவாவில் மீதி நாள்களைக் கழிக்க வேண்டியிருக்கும். அது தனிப் பயணம், தனிக் கதை.

அப்ரூசோ இதற்கு நேர்மாறு. இங்கே மலை மிகப் பெரிது, கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று அதிகம் கண்டுகொள்வதில்லை. ஒர்தோனாவிலிருந்து வாஸ்தோ வரையிலான கரையில் ‘திரபொக்கோ’ எனப்படும் மரப் பரண்கள் கடலுக்குள் கால் நீட்டி நிற்கின்றன: பாறையிலிருந்து ஒரு பலகை நடைபாலம், அதன் முனையில் கம்புகளும் கம்பிகளும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் மேடை, அதிலிருந்து நீண்டு வளைந்த கழிகளில் தொங்கும் பெரிய சதுர வலை. சகடையைச் சுற்றி வலையை நீருக்குள் இறக்கி, மீன் திரண்டதும் தூக்குவதற்காகக் கட்டப்பட்டவை. இன்று பல பரண்கள் உணவகங்களாகிவிட்டன. கரையையொட்டிச் சென்ற ரயில்பாதை 2005இல் உள்ளே தள்ளிப் போடப்பட்டதால், பழைய தடம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள சைக்கிள் பாதையாகியிருக்கிறது. வாஸ்தோவின் பழைய ஊர் கடலுக்கு மேலே ஒரு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. 1956இல் அந்த விளிம்பின் ஒரு பகுதி சரிந்து வீடுகளையும் புனித பேதுரு தேவாலயத்தையும் கொண்டுபோனது. தேவாலயத்தின் முகப்பு வாசல் மட்டும் இன்றும் தனியே நிற்கிறது, கதவு இருந்த இடத்தில் இப்போது ஆகாயமும் ஆட்ரியாட்டிக் கடலும்.

உள்நாட்டில் சாந்தோ ஸ்தேஃபனோ தி செஸ்ஸானியோ 1,250 மீட்டர் உயரத்தில், நூறு பேர் அளவுக்கே ஆள் குடியிருக்கும் கல் கிராமம். 2009 ஏப்ரல் 6ஆம் தேதி மாநிலத் தலைநகர் லாக்குயிலாவைச் சிதைத்த நிலநடுக்கத்தில் இதன் கோபுரம் இடிந்து, பின்னர் திரும்பக் கட்டப்பட்டது. ஆளொழிந்த வீடுகளையே அறைகளாக்கி, வரவேற்பு ஒரு சந்திலும் படுக்கை மற்றொரு சந்திலுமாக ஊர் முழுவதையும் விடுதியாக்கும் இத்தாலிய முறைக்கு இந்த ஊர் நல்ல உதாரணம். இங்கே விளையும் பொடி மசூர்ப்பருப்பு, சைவம் சாப்பிடுகிறவருக்கு அப்ரூசோவில் கிடைக்கும் பெரிய ஆறுதல். ஏனென்றால் இது குச்சியில் கோத்துச் சுட்ட ஆட்டிறைச்சியின் நாடு. ஆட்டு மந்தைதான் இந்த மலையின் வரலாறும்கூட. இலையுதிர் காலத்தில் இடையர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு லாக்குயிலாவிலிருந்து ஃபோஜா வரை 244 கிலோமீட்டர் புல்வழியாகப் புலியாவின் சமவெளிக்கு இறங்கி, கோடை தொடங்கும்போது திரும்பினார்கள். 2019இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்த மந்தைப் பெயர்ச்சி இதுதான். அந்தப் புல்வழி வாஸ்தோவின் பக்கமாகவே, கடல் தெரியும் தொலைவில் போகிறது. ஆனால் இடையர்கள் கடலுக்காக இறங்கவில்லை, புல்லுக்காக நடந்தார்கள். அப்ரூசோவின் கரையிலும் மலையிலும் மாறி மாறித் தங்குகிறவருக்கு ஏதோ ஒட்டாமல் இருப்பது போலத் தோன்றினால், காரணம் இந்த வரலாற்றில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நடைமுறையிலும் அது ஒட்டவில்லை. கடலோர நகரமான பெஸ்காராவிலிருந்து உள்நாட்டுச் சுல்மோனாவுக்கு ரயில் உண்டு. சுல்மோனாவிலிருந்து ஸ்கன்னோ என்ற மலையூருக்குப் பள்ளத்தாக்கின் ஓரமாக வளைந்து ஏறும் பேருந்தும் உண்டு. லத்தீன் கவிஞர் ஓவிட் பிறந்த ஊரான சுல்மோனாவில், சர்க்கரைப் பூச்சிட்ட பாதாம் மிட்டாயைக் கம்பியில் கட்டிப் பூங்கொத்தாகத் தொங்கவிட்டிருக்கும் கடைத்தெருவுக்காகவே இரண்டு நாள் தங்கலாம். ஆனால் சாந்தோ ஸ்தேஃபனோவுக்குச் சொந்தமாகவோ வாடகைக்கோ கார் இல்லாமல் போவது பெரும்பாடு. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்ல வேண்டும். காரை எடுத்துவிட்டாலோ, தினமும் ஒரு ஊரைச் சேர்த்துக்கொள்ளும் ஆசை வந்துவிடும். நிதானத்தைக் கெடுப்பதில் காருக்கு நிகர் கிடையாது.

புலியாவில்தான் கணக்கு சரியாக வருகிறது. மாநிலத் தலைநகர் பாரிக்குத் தெற்கே அரை மணி நேர ரயில் தொலைவில், கடலோரத்தில் மோனோபொலி. அங்கிருந்து நேர்க்கோட்டில் பார்த்தால் 20 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தொலைவில், 400 மீட்டருக்குச் சற்று மேலான மேட்டில் லோகொரொதோந்தோ. உயரம் என்று பார்த்தால் இதை மலை என்று சொல்லவும் கூச்சமாக இருக்கும். ஆனால் காற்று மாறுகிறது, பயிர் மாறுகிறது, சாப்பாடும் மாறுகிறது. மோனோபொலியின் பழைய துறைமுகத்தில் நீல வண்ணம் அடித்த மரப் படகுகள் சுவரோரமாகக் கட்டிக் கிடக்கும். பாரி கரையில் விடியற்காலையில், பிடித்த ஆக்டோபஸைப் பாறையில் பலமுறை ஓங்கி அடித்து, பிறகு கூடையில் போட்டுக் கடல்நீர் ஊற்றிச் சுழற்றிச் சுழற்றி, கால்கள் சுருண்டு மொறுமொறுப்பாகும் வரை விடமாட்டார்கள். அதைப் பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். மேட்டில் உள்ள சிஸ்தெர்னினோவிலோ கதை வேறு: இறைச்சிக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் பாலாடைக்கட்டியை உள்ளே வைத்துச் சுருட்டிய பன்றி இறைச்சி உருண்டைகளை விரல் காட்டிச் சொன்னால், கடைக்காரர் எடை போட்டு, கம்பியில் கோத்து, பின்னாலுள்ள அடுப்பில் சுட்டு, தெருவில் போட்ட மேசைக்கே கொண்டுவந்து வைப்பார். சைவர்களுக்கும் இந்த மாநிலமே மூன்றில் சிறந்தது. காய்ந்த மொச்சையை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, கசப்புக் கீரையோடு பரிமாறும் எளிய உணவு, பருப்புக் கடைசல் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு முதல் கவளத்திலேயே பழகிவிடும்.

லிகூரியாவில் மண்ணைத் தாங்கிய அதே சாந்தில்லாக் கல்வேலை இங்கே கூரையாக எழுந்து நிற்கிறது. கூம்பு வடிவ ‘த்ருல்லோ’ வீடுகளுக்குப் பெயர்பெற்ற அல்பெரொபெல்லோ 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. புதுக் குடியிருப்புக்கு அரசருக்குக் கட்ட வேண்டிய வரியைத் தவிர்க்க, அதிகாரி வந்தால் உடனே கலைத்துவிடும்படி சாந்தில்லாமல் கட்டச் சொன்னார்கள் உள்ளூர்ப் பிரபுக்கள் என்று கதை சொல்வார்கள். 1797இல் நேப்பிள்ஸ் அரசர் ஊரைப் பிரபுக்களின் பிடியிலிருந்து விடுவித்தார். பகலில் அல்பெரொபெல்லோ ஏறக்குறைய ஒரு நினைவுப்பொருள் கடையாகவே இருக்கும். அங்கே தங்காமல், பத்து நிமிட ரயில் தொலைவிலுள்ள லோகொரொதோந்தோவில் தங்கி, ஒரு காலைப்பொழுதில் எட்டு மணிக்கு முன் போய்வருவதே சரி. லோகொரொதோந்தோ என்றால் வட்டமான இடம்; பெயருக்கேற்ப வெள்ளையடித்த தெருக்கள் வளையங்களாகச் சுற்றிச் செல்கின்றன, வழி தவறினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம்.

புலியாவின் குறைகளையும் மறைக்கக் கூடாது. கரையில் ஓடுவது அரசு ரயில்; மேட்டுக்கு ஓடுவது வேறொரு வட்டாரப் பாதை. இந்தப் பகுதியில் இரண்டும் சந்திப்பது பாரியில்தான். அதனால் பக்கத்திலிருக்கும் மோனோபொலியிலிருந்து லோகொரொதோந்தோவுக்கு ரயிலில் போக, பாரி வரை திரும்பி, அங்கே மாறி, மொத்தம் அரை நாளைச் செலவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டுப் பாதையின் சேவை வெகுவாகக் குறைந்துவிடும். பெட்டியோடு மாறும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் டாக்சி பிடித்துவிடுவது நல்லது. மற்றொன்று, கண்ணில் படும் துயரம். 2013இல் புலியாவின் தென்கோடியிலுள்ள கல்லிப்போலி பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட சைலெல்லா பாக்டீரியா, தெற்கே கோடிக்கணக்கில் நின்ற ஆலிவ் மரங்களில் பெரும்பகுதியை வாட்டிவிட்டு வடக்கு நோக்கி வந்துகொண்டிருக்கிறது. மேட்டு ஊரான ஓஸ்தூனியின் வெள்ளை மதிலிலிருந்து கடல்வரை பரந்து தெரியும் பழம்பெரும் ஆலிவ் சமவெளியை, பச்சையாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம், நிதானப் பயணிக்கும் நியாயமானதுதான்.

ஆகவே, ஒரு வாரமும் உறுதியான முழங்காலும் உள்ளவர்களுக்கு லிகூரியா. காரும் தனிமையும் வேண்டுபவர்களுக்கு அப்ரூசோ. ரயிலை நம்பி இரண்டு வாரம் போகிறவர்களுக்குப் புலியா என்பது என் முடிவு. மோனோபொலியில் ஆறு, லோகொரொதோந்தோவில் ஆறு, திரும்பும் வழியில் பாரியில் இரண்டு என்று இரவுகளைப் பிரிக்கலாம். ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் எல்லா இரவுகளுக்கும் தங்குமிடச் சான்று காட்ட வேண்டியிருப்பதால், மூன்றே முகவரிகள் என்பது தாள்வேலையையும் குறைக்கும். மே மாதம் போகிறவர்கள் மேட்டில் தொடங்கிக் கரையில் முடிக்க வேண்டும். மாதக் கடைசியில்தான் ஆட்ரியாட்டிக் குளிக்கும்படி வெதுவெதுப்பாகத் தொடங்கும். செப்டம்பரில் தலைகீழாக: கோடையின் சூடு தண்ணீரில் மிச்சமிருக்கும்போதே கரையை முடித்துக்கொண்டு, மேட்டில் திராட்சை அறுவடை நடக்கும் நாள்களுக்கு லோகொரொதோந்தோ போய்ச் சேரலாம்.