கணுக்காலை விட்டுவிடுங்கள்: லண்டனில் ஆஸ்திரேலிய ஃபுட்பால், கடைசிப் பிரிவில் ஒரு பருவம்

புதுக்கோட்டைப் பக்கம் கல்லூரி முடியும்வரை கபடி ஆடியவன் நான். இப்போது வயது 34, குடியிருப்பது லண்டன் டூட்டிங்கில். போன ஏப்ரலில் அலுவலகத்து ஆஸ்திரேலிய நண்பன் ஒருவன் இழுத்துக்கொண்டு போய் ஏஎஃப்எல் லண்டன் என்ற ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கில் ஆடும் ஒரு கிளப்பில் சேர்த்துவிட்டான். 1990-இலிருந்து ஆட்டம் நடக்கும் லீக் இது. ப்ரீமியர்ஷிப், கான்ஃபரன்ஸ், சோஷியல் என்று அடுக்கு உண்டு. நான் ஆடியது அடியில் இருக்கும் சோஷியல். பருவம் முடிந்த கையோடு, சேரலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நீள்வட்டப் பந்து, அணிக்கு 18 பேர், இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் கோல், 6 புள்ளி, பக்கத்தில் போனால் 1. பந்தை எறியக் கூடாது; ஒரு உள்ளங்கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். கையில் வைத்துக்கொண்டு ஓடினால் 15 மீட்டருக்கு ஒரு தடவை தரையில் தட்டியாக வேண்டும். ஆஃப்சைடு கிடையாது. அதனால் எதிரி எந்தப் பக்கமிருந்தும் வருவான், முதுகுக்குப் பின்னாலும் கண் வேண்டும்.

கபடிக்காரனுக்கு இங்கே ஒரு வசதி, ஒரு கண்டம். ஆளைப் பார்த்துப் பயம் வராது, அது வசதி. ஆனால் நம் கை தானாகக் கணுக்காலுக்குப் போகும். இங்கே பிடி தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே மட்டும்தான். முதல் ஆட்டத்திலேயே ஓடி வந்தவன் காலைப் பாய்ந்து பிடித்தேன், ஊர்ப் பழக்கம். விசில் அடித்து ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது தடவையும் அதே. இடைவேளையில் பயிற்சியாளர் திட்டவில்லை. ஓரமாகக் கூட்டிப்போய், தானே பந்தோடு நின்று, "இடுப்பைப் பிடி, கையோடு சேர்த்துக் கட்டு" என்று ஏழெட்டு முறை பிடிக்க வைத்தார். கையைக் கட்டிவிட்டால் அவனால் பந்தை முறையாக விட முடியாது. விட வாய்ப்பிருந்தும் விடாதவனுக்கு எதிராக ஃப்ரீ கிக் நமக்கு. இது புரிந்த அன்று ஆட்டமே எனக்கு வேறாகத் தெரிந்தது.

இந்தப் பிரிவின் உயிர் இப்படிச் சொல்லிக்கொடுப்பதில்தான் இருக்கிறது என்பேன். எங்கள் அணியில் அயர்லாந்துக்காரர் ஒருவர், அவர்கள் ஊர்ப் பந்தாட்டமான கேலிக் ஃபுட்பால் ஆடியவர், உயரப் பந்தை அள்ளிவிடுவார். பந்தையே தொட்டறியாத இங்கிலாந்துப் பையன்கள் நால்வர். மெல்பர்னில் சின்ன வயதிலிருந்து ஆடியவர்கள் பாதிப் பேர். தெரிந்தவன் தெரியாதவனுக்குப் பந்து கொடுக்கிறான். ஒருநாள் எதிரணிக்கு ஆள் குறைய, எங்களில் இரண்டு பேர் அவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு ஆடினார்கள், அதில் ஒருவர் எங்களுக்கு எதிராகவே கோல் போட்டார். எல்லோரும் கை தட்டினோம். கோல் நடுவராக ஆள் இல்லாத ஒரு நாள் என்னை நிறுத்தினார்கள். கோலுக்கு இரண்டு கொடி, ஒரு புள்ளிக்கு ஒரு கொடி. கம்பத்தடியில் நின்று பார்த்ததில்தான் உதையின் நுணுக்கம் பிடிபட்டது. பந்தை நிமிர்த்திப் பிடித்து, கீழ் நுனியில் உதைத்தால் பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே நேராக வரும். சாய்ந்து விழுந்த பந்து கோணலாகப் போகும்.

மைதானத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மெல்பர்னில் கிரிக்கெட் ஓவலில் ஆடுவது, இங்கே பூங்காப் புல்வெளியில் கோடு போட்டு ஆடுவது. பயிற்சி எனக்கு நார்தர்ன் லைனில் மூன்று ஸ்டேஷன் தள்ளி, கிளாப்பம் காமனில். ஜூன் மாதம் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும், அந்த மாலைகளுக்காகவே சேரலாம். ஜூலையில் தரை காய்ந்து இறுகி, என் முழங்கை இரண்டும் உரிந்துபோயின. உடை மாற்ற அறை இல்லாத நாட்களில் மரத்தடிதான். பல்லைக் காக்கும் மவுத்கார்டு கட்டாயம் வாங்குங்கள், முதல் பயிற்சிக்கு முன்பே.

இப்போது மனசில் இருக்கும் குறை. நான் ஆடிய கிளப், பருவம் முழுக்க "கற்றுக்கொள்ளத்தான் இந்த அணி" என்று சொன்னது. அரையிறுதி வந்ததும் மேல் பிரிவில் ஆடியவர்களைக் கீழே இறக்கினார்கள். மழையிலும் பயிற்சிக்குத் தவறாமல் வந்த மூன்று பேர் கடைசிக் கால் பகுதிவரை கோட்டுக்கு வெளியே நின்றோம். ஜெயித்தோம், 7.5 (47) என்று பலகை காட்டியது: ஏழு கோல், ஐந்து ஒற்றைப் புள்ளி, மொத்தம் 47. என்னால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. ஜெயிப்பது முக்கியம் என்றால் அதை ஏப்ரலிலேயே சொல்லியிருக்கலாம். அப்புறம், எந்த மைதானம் என்ற தகவல் வியாழக்கிழமை இரவுதான் வரும். சனிக்கிழமை ஷிஃப்ட் இருப்பவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல்.

பணத்துக்கு மோசமில்லை. ஐந்தில் நான்கு கொடுப்பேன், அந்த ஒன்றைக் குறைத்தது அரையிறுதிக்காக. ஆஸ்திரேலியர்கள் பலர் விசா முடிந்து ஊர் திரும்பிவிடுவதால் வருடா வருடம் எல்லா கிளப்பும் ஆள் தேடும், புதியவரை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. சேரும்போதே, "இறுதிச் சுற்றில் புதியவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆட்டம்?" என்று நேராகக் கேளுங்கள். அடுத்த பருவத்துக்கு வேறு ஒரு கிளப்பில் நானும் அதைத்தான் கேட்டேன். பாதி ஆட்டமாவது உண்டு என்றார்கள். பெயர் கொடுத்துவிட்டேன்.